நின்றால் நனையாது

முதல் சொட்டு கழுத்து வழியாகத்தான் உள்ளே வரும், அது திலகமணிக்குத் தெரிந்த கதை. மழைக்கோட்டுக் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங்கில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி. ஹெல்மெட்டின் பின்பக்கம் வழிகிற தண்ணீர் காலரின் மேல் விழும், தலையைக் கொஞ்சம் குனிந்தால் காலர் வாயைத் திறக்கும், அவ்வளவுதான், ஒரு சொட்டு முதுகுத்தண்டோடு இறங்கி இடுப்பில் போய்த்தான் நிற்கும். இறங்கட்டும். கழுத்துக்கு எந்தக் கம்பெனிக்காரனும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. மங்கலத்தைத் தாண்டி சாமளாபுரம் போகிற ரோட்டில், பகல் மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் விளக்குப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழைக்குள் வேண்டுமென்றே அவள் போய்க்கொண்டிருப்பது வேறொரு சொட்டுக்காக. அந்தச் சொட்டு வரக் கூடாது. வந்தால், கம்பெனி வாசலில் பெட்டி கட்டி அடுக்கி வைத்திருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு செட்டும் ஒழுகும் என்று அர்த்தம். ஐந்து மணிக்கு லாரி. வராவிட்டால் அவள் திரும்பிப் போய், போட்டிருக்கிறதை உதறிக் காயப்போட்டுவிட்டு, எல்லாரோடும் நின்று நாலு மணி டீயைக் குடிக்கலாம், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நானூற்றுப் பன்னிரண்டுக்கும் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குச் சீட்டில் பாஸ் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டவள் அவள்தான். திலகமணி என்று முழுசாக, ணி-யின் சுழி மேலே ஏறி நிற்கிற மாதிரி. இவ்வளவு அழகாகப் போட்டிருக்க வேண்டாம்.

தாங்கும், ஏன் தாங்காது, நல்ல துணி, நல்ல டேப். பேண்ட்டில் ஒரே ஒரு இடம்தான் சந்தேகம். நாலு தையலும் வந்து கூடுகிற கவட்டை. மற்ற இடங்களில் தையலின் மேல் டேப்பை வைத்து மெஷினில் சூடாக ஓட்டிவிட்டால் ஊசி போன துளையெல்லாம் அடைந்துவிடும். நாலும் கூடுகிற இடத்தில் துணி மேடு தட்டிப் போவதால் டேப் படியாது, அதற்காக ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக வெட்டிய துண்டைக் கையால் வைத்து அழுத்தி ஒட்ட வேண்டும். கம்பெனியில் அதற்குப் பேர் வட்டு. இந்த லாட்டில் வட்டு இல்லை. நாள் இல்லை. "வட்டு இல்லாம தாங்குமாங்க்கா? நீங்க பாத்துச் சொன்னாச் சரி," என்று முதலாளி யுவராஜ் கேட்டான். முப்பத்து மூன்று வயசு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்கா என்கிற ஒரு சொல்லிலேயே பாரத்தை எல்லாம் அவள் தலையில் இறக்கிவிடுகிற சாமர்த்தியக்காரன். மழை ரூமில் பார்த்துவிடலாம் என்று அவளும் சொன்னாள். மழை ரூம் என்றால் பெரிய விஷயமில்லை, தகரக் கதவு போட்ட ஒரு குளியலறை, மேலே எட்டுக் குழாய். செக்கிங் ஹெல்ப்பர் மாரப்பன் உள்ளே சாம்பல் நிறத்துப் பனியனும் மெல்லிசான சாம்பல் பேண்ட்டும் போட்டு, மேலே கோட்டு செட்டை மாட்டிக்கொண்டு, இருபது நிமிஷம் குழாய்களுக்குக் கீழே நிற்பான். சாம்பல் துணியில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இருபது நிமிஷமும் அவன் நின்றான், கையைத் தூக்கினான், இறக்கினான், திரும்பினான், உள்ளே இருந்தபடியே மதியச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று கேட்டான். வெளியே வந்து மழைப் பேண்ட்டை முட்டி வரைக்கும் இறக்கிக் காட்டினான், சாம்பல் சாம்பலாகவே இருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். அவன் சும்மா வந்திருக்கலாம். பேண்ட்டை மறுபடி ஏற்றிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றுகிறேன் என்று கோட்டோடு போய் ஒழுகுகிற குழாய்க்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு லேஸ் சிக்கிக்கொண்டது. இரண்டு நிமிஷம், மிஞ்சிப் போனால் மூன்று. எழுந்து பேண்ட்டைக் கழற்றினால் உள் பேண்ட்டில், கவட்டையில், ஒரு ரூபாய் அகலம் கறுப்பு.

வேர்வை. அவள்தான் சொன்னாள், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "வேர்வைடா அது, காத்துப் போகாத துணியில்ல." மாரப்பன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "பச்சைத் தண்ணியில நின்னவனுக்கு என்னுங்க்கா வேர்வை?" அவ்வளவுதான் சொன்னான், பிறகு தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். வந்து கேட்ட யுவராஜிடமும் வேர்வை என்றே சொல்லி, அவளும் எழுதிவிட்டாள். இரண்டே எழுத்து. அதற்கப்புறம் தூக்குப்போசியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சைத் தண்ணியில நின்னவனுக்கு என்ன வேர்வை. கடைகளில் கோட்டை வாங்கிப் போடுகிறவன் எவன் நிற்கிறான்? உட்கார்ந்துதானே ஓட்டுகிறான். பதினோரு வருஷமாக உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குச் செய்கிற உடுப்பை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை, மாரப்பனின் பூட்ஸ் லேஸ் சிக்காமல் இருந்தால் இன்னும் பதினோரு வருஷம் தோன்றியிருக்காது. சோறு இறங்கவில்லை. இரண்டரைக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, இடி இடித்தது, சரி இதுவும் ஒரு நேரம் என்று ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு செட்டை எடுத்து, மழை ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு துவைத்து வைத்திருந்த சாம்பல் உடுப்பைப் போட்டு, மேலே கோட்டையும் பேண்ட்டையும் மாட்டிக்கொண்டு, கேட்டில் மெடிக்கல் ஸ்டோர் வரைக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். நடுவில் இறங்கக் கூடாது. ஒதுங்கக் கூடாது.

இன்னொன்றும் செய்தாள். இதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்று மங்கலம் நால் ரோட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வருகிறாள். தினமும் வைக்கிற மடித்த துணியை இன்று வைக்கவில்லை. வைத்தால் மழை வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஏழு வருஷம் ஆயிற்று கர்ப்பப்பையை எடுத்து. அதற்கப்புறம் இருமினால், தும்மினால், வயிறு குலுங்கச் சிரித்தால், வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டால், ஒரு சொட்டு, சில நாளைக்கு அதற்கும் மேலே. ஆஸ்பத்திரியில் சொல்லலாம். சொல்லலாம்தான். எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் சின்னப் பெண்ணாக இருந்தது, பக்கத்தில் புருஷன் தனபால் நின்றுகொண்டிருந்தார், வேறு ஏதாவது தொந்தரவு இருக்குதாங்கம்மா என்று கேட்டபோது இல்லீங்க என்று வந்துவிட்டாள். கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டாள். மாமியார் வீட்டு சோபாவில் ஒருதரம், கல்யாணத்துக்குப் போன வேனில் ஒருதரம், தனபால் படுக்கையைத் தொட்டுப் பார்த்து "என்ன புள்ள ஈரமாட்ட இருக்குது?" என்று கேட்டபோது ஒருதரம், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில். வேர்வை. ஃபேன் ஓடுகிற ரூமில் வேர்வை, மார்கழியில் வேர்வை. வாய் பழகிவிட்டது. அதனால்தானே மத்தியானம் மாரப்பன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அது வந்து விழுந்தது. அவன் பேண்ட்டைப் பார்த்து அவள் தன் பொய்யைச் சொன்னாள். அதைப் போய் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஹெல்மெட்டுக்குள் காது சுட்டது. சே, ரோட்டைப் பார், முன்னால் வேகத்தடை வரும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, கோயிலுக்கு முன்னால் ஒன்று, இறுக்கிப் பிடித்துக்கொள்.

பள்ளிக்கூடத்துத் தடையில் வண்டியை உருட்டுகிற மாதிரிக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. அடிவயிற்றை இறுக்கி வைத்திருந்தாள், மூச்சைக்கூட எண்ணி விட்டாள், ஒன்றுமில்லை. நல்லது. மழை இப்போது பலத்துவிட்டது, சாய்ந்து வந்த மழை நேராக விழ ஆரம்பித்தது, ஹெல்மெட் கண்ணாடி உள்ளே ஆவி பிடித்துக்கொள்ள அரை அங்குலம் திறந்து வைத்தாள், உடனே ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. கைப்பட்டை வழியாக மணிக்கட்டு நனைந்துவிட்டது. மார்பு காய்ந்திருக்கிறது, முதுகில் அந்தக் கழுத்துச் சொட்டு மட்டும், தோள் காய்ந்திருக்கிறது. முட்டி, தெரியவில்லை, குளிர்ந்திருக்கிறது, குளிர்ச்சியும் ஈரமும் ஒன்று மாதிரி இருக்கும், ஏமாறக் கூடாது. மடியைப் பார்த்தாள். இரண்டு தொடைக்கும் நடுவில் பேண்ட் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். அது அங்கேயே உட்கார்ந்து வண்டியோடு அசைந்தது, கொஞ்சம் வழிந்து போக அதே அளவு மேலே இருந்து வந்து நிறைத்தது. மாரப்பனுக்கு மடியே இல்லையே அங்கே. நின்றவனுக்கு ஏது மடி, எல்லாம் கால் வழியே ஓடிவிடும். கையால் தட்டிவிடலாமா? ஓட்டுகிறவன் தட்டிவிடுவானா? சமயத்தில் தட்டுவான். மலையில் வளைவில் வண்டியை மடக்கும்போது தட்ட மாட்டான். தட்ட வேண்டாம். இருக்கட்டும். அதன் எடை நேராகக் கவட்டைத் தையலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அடியில் சீட்டு அழுத்துகிறது, நடுவில் வட்டு இல்லாத நாலு தையல். தாங்கினால் தங்கம்.

இந்த உடுப்பு போகிற இடமும் மலைதான். மலையூர்களுக்குப் பார்சல் கொண்டுபோகிற கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்காகக் கேட்டிருந்தது, ஆளுக்கு ஒரு செட், பெயரை முதுகில் அச்சடித்து. கீழே என்றால் நனைந்தால் என்ன, வீட்டுக்கு வந்து துவட்டிக்கொண்டால் போயிற்று. மேலே அப்படி இல்லை. கல்யாணமான வருஷம் தனபாலும் அவளும் கோத்தகிரிக்கு பைக்கில் போனார்கள், பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க இடமில்லை, அவருடைய கால்சட்டை இடுப்பு வரைக்கும் தெப்பமாக நனைந்துவிட்டது. முதலில் தமாஷாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு வளைவுக்கு அப்புறம் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பின்னால் உட்கார்ந்து இடுப்பைக் கட்டியிருந்தவளுக்கு அவர் உடம்பு உதறுவது கைக்குத் தெரிந்தது, அடிவயிற்றிலிருந்து உதறல், பல் கிட்டிப்போய் "பிரேக் புடிக்க முடியலை புள்ள, வெரலு எங்கிருக்குதுன்னே தெரியலை" என்றார். அடுத்த வளைவில் ரோட்டோரக் கல்கட்டையில் போய் மோதினார்கள். அவளுக்குச் சிராய்ப்பு. அவருக்கு வலது முழங்கை. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் கை முழுசாக நீளாது, குழம்புக் கரண்டியை வாங்க இடது கையைத்தான் நீட்டுவார். பக்கத்திலேயே பள்ளம் இருந்தது. அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால். சாயவில்லை, சாயவில்லை, அதை ஏன் இப்போது. கல்கட்டையின் வெள்ளைச் சுண்ணாம்பு அவர் சட்டையில் ஒட்டியிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் விரல் மரத்துப்போகாது. ஒருத்தனுக்குப் போனால் போதுமே. அவனுக்கும் பின்னால் உட்கார ஒருத்தி இருப்பாள்.

கோயில் வேகத்தடை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்த்தது எதிரே வந்த லாரியை. ரோட்டின் இரண்டு பக்கமும் பைப்லைனுக்குத் தோண்டிப் போட்ட செம்மண், பள்ளத்தில் தேங்கியதெல்லாம் காவித் தண்ணீர், லாரி அதற்குள் இறங்கியது, ஒரு சுவர் அளவுக்குத் தண்ணீர் எழுந்து அவள் மேல் விழுந்தது. அதே நொடியில் முன் சக்கரம் தடையில் ஏறி வண்டி தூக்கிப் போட்டது. "ஐயோ" என்று கத்தினாள். கத்தியதும் இறுக்கம் போயிற்று. வண்டி விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டாள். மடியில் தெளிந்திருந்த தண்ணீர் இப்போது காவி நிறம். அப்புறம்தான் உள்ளே, கீழே, வெதுவெதுப்பாக ஏதோ பரவுவது தெரிந்தது. வெதுவெதுப்பு என்றால் நான். மழை குளிரும். மழை குளிர்ந்துதான் வரும், ஆனால் துணிக்குள் வந்து உடம்புச் சூடு பட்டால் அதுவும் வெதுவெதுப்பாகிவிடுமே. எவ்வளவு நேரத்தில் ஆகும்? உடனே ஆகாது. இது உடனே வந்ததா? லாரி முதலிலா, தடை முதலிலா? இரண்டும் ஒன்றாக. அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தால்? பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் ஒரு குளிர்ச்சி இருந்ததே, முட்டி முட்டி என்று முட்டியை நினைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டேனா? உட்கார்ந்த இடம் நனைந்திருக்கிறது, அது மட்டும் நிச்சயம். யார் நனைத்தது என்று தெரியாது. கையை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்றால் நடு ரோடு, ஜிப்பைத் திறந்தால் மழை உள்ளே போகும், அப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம். திறக்காமல் தெரியாது. திறந்தாலும் தெரியாது. பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். "ஏம்மா, நடு ரோட்டுல நின்னு என்ன யோசனை!" அவள் வண்டியை நகர்த்தினாள். ஓட்ட ஓட்ட ஒரு ஆசை மெல்ல மெல்ல வந்தது, வந்ததும் அவளுக்கே சிரிப்பாகவும் அழுகையாகவும் இருந்தது. ஏழு வருஷமாக, எங்கே ஈரம் தட்டினாலும், சாமீ இது நானாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், இன்றைக்கு முதல் தடவையாக, சாமீ இது நானாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நானாக இருந்தால் அசிங்கம் எனக்கு மட்டும். துவைத்துப் போட்டால் தீர்ந்தது. நானாகவே இருக்கட்டும்.

சாமளாபுரத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். கூரைக்கு அடியில் ஒதுங்கியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பெட்ரோல் போடுகிற பெண் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது. "ஏனுங்க்கா, முழுசா நெனஞ்சுட்டீங்களா?"

"தெரியலை கண்ணு. பாத்ரூம் எங்கிருக்குது?"

"பின்னாலைங்க. கொக்கி புடிக்காதுங்க, சித்த கதவைப் புடிச்சுக்கங்க."

தெரியலை என்று சொன்னதை நினைத்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோட்டை மேலே சுருட்டி, பேண்ட்டின் மடிப்பில் மிச்சமிருந்த தண்ணீரை உதறிவிட்டு, மழைப் பேண்ட்டை உரித்தாள். சாம்பல் பேண்ட்டையும் உரித்தாள். ஜன்னலில் இருந்து வருகிற வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. இது நான். பார்த்ததும் தெரிந்தது, ஏழு வருஷம் துவைத்தவளுக்கு வாசம் எதற்கு, ஓரத்தைப் பார்த்தாலே போதும். அப்பாடா. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். அப்புறம் துணியைத் திருப்பினாள். முன்னால், நாலு விரல் தள்ளி, இன்னொன்று இருந்தது. அது பரவியிருக்கவில்லை. கோடு போட்டிருந்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, நடுவில் ஒரு ரூபாய் அகலம், தையல் போகிற வழியே போயிருந்தது. லேசாகச் சிவந்திருந்தது. ரத்தமோ என்று ஒரு நொடி பயந்தாள், கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு ஏது ரத்தம். விரலால் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். நறநற என்றது. மறுபடியும் தேய்த்தாள். மண். பைப்லைனுக்குத் தோண்டிப் போட்ட செம்மண். என்ன வியாதி இருந்தாலும் மனுஷி உடம்பிலிருந்து மண் வராது.

மழைப் பேண்ட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டபோது மணி மூன்று முப்பத்தைந்து. சாம்பல் பேண்ட்டை சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள், இல்லாவிட்டால் திரும்பிப் போகிற மழையில் இரண்டு ஈரமும் ஒன்றாகக் கலந்துவிடும். வைத்த கையோடு யோசனை வந்தது. கலந்தால்தான் என்ன? வழியில் நொய்யல் ஓடுகிறது. எறிந்துவிட்டுப் போனால் கேட்பார் யார்? மெடிக்கல் ஸ்டோர் வரைக்கும் போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதானே. வண்டியைக் கிளப்பினாள். நடுவில் சாம்பல் துணி இல்லாததால் இப்போது மழை எங்கே வருகிறது என்று தோலுக்கே தெரிந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், ஒரு சொட்டு, சில்லென்று. எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்று. யுவராஜிடம் மாரப்பனை உட்கார வைத்துப் பார்த்தோம் என்று சொல்லலாம். மாரப்பன் இல்லை என்பான். இரண்டு. வட்டு இல்லாமல் எனக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்லலாம். மத்தியானம் கேட்டுதே அக்கா என்பான். மூன்று. துணியைக் காட்டினால்தான் நம்புவான். துணியைக் காட்டினால் இரண்டும் தெரியும். பின்பக்கத்தை வெட்டிவிட்டுக் காட்டலாம், கத்தரி இருக்கிறது. வெட்டின துணியைக் காட்டினால் எதை வெட்டினாய் என்று கேட்க மாட்டானா? அலசிவிட்டால் மண்ணும் போய்விடும். நாலு. கோயில் வேகத்தடையில் இந்தத் தடவை பார்த்து ஏறினாள், இருந்தும் கொஞ்சம் வந்தது, சூடாக. அதை அவள் சொட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். நொய்யல் பாலத்தில் வேகத்தைக் குறைத்தாள். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

லாரி முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நேராக மழை ரூமுக்குப் போய் தன் சுடிதாரை மாட்டிக்கொண்டு, சுருட்டின துணியோடும் மழைப் பேண்ட்டோடும் வந்து செக்கிங் டேபிளின் முன்னால் நின்றாள். யுவராஜ் பில் புக்கோடு நின்றிருந்தான். மாரப்பன் பெட்டிகளின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு லோடுமேன்கள். தையல் பக்கத்திலிருந்து டீக்கு வந்த ஏழெட்டுப் பேர். திலகமணி டியூப்லைட்டுக்கு அடியில் சாம்பல் பேண்ட்டை விரித்தாள்.

"என்னுங்க்கா இது?" என்றான் யுவராஜ்.

"நம்ம லாட்டுல ஒரு செட்டு போட்டுட்டு சாமளாபுரம் போயிட்டு வந்தனுங்க தம்பி. நின்னுட்டு இல்லை. உக்கோந்துட்டு. இது உள்ள போட்டிருந்தது."

யுவராஜ் ஒரு பார்வை பார்த்தான். பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டான், ஒரு பொம்பளை போட்டுக் கழற்றிய துணி. குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் சொன்னான். "வேர்வையா இருக்குமுங்க்கா. மத்தியானம் நீங்களேதானுங்க சொன்னீங்க."

ஆமாங்க தம்பி என்றால் போதும். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவள் நுழைந்து வெளியே போய்விடலாம், துணியைச் சுருட்டிக்கொண்டு. டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் வாய் திறந்தது, பழகின வாய், அந்தச் சொல்லின் முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள். ஆள்காட்டி விரலை எடுத்துப் பின்பக்கத்துக் கறுப்பின் மேல் வைத்தாள்.

"இது என்னுதுங்க. ஆப்பரேசனுக்கு அப்பறம் எனக்கு அடக்க முடியறதில்லை. வண்டி குலுங்குனா வந்துருமுங்க. ஏழு வருசமா எல்லாருகிட்டயும் வேர்வைன்னு சொல்லிட்டு இருக்கறன். மத்தியானமும் அந்த வாயிலதான் சொன்னன்." தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் நாலு விரற்கடை முன்னால் நகர்ந்தது. "இது என்னுதில்லை. இது மழை. தையலைப் புடிச்சுட்டு வந்திருக்குது பாருங்க. தொட்டுப் பாருங்க தம்பி, மண்ணு இருக்குது."

யுவராஜின் கை பில் புக்கை விடவில்லை. முகம் சிவந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். தையல் பெண்களில் ஒருத்தி மட்டும், மூன்று பிள்ளை பெற்றவள், திலகமணியின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. மாரப்பன்தான் வந்தான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் வைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தான். மழைப் பேண்ட்டை வாங்கிக் கவட்டையைப் புரட்டினான். நூல் சிவந்திருந்தது.

"நறநறங்குதுங்க," என்றான் யுவராஜிடம்.

வெளியே இருந்து லோடுமேன் எட்டிப் பார்த்தான். "இன்னும் எட்டுப் பொட்டிதானுங்க. ஏத்திப்போட்டுத் தார்ப்பாயைக் கட்டீரலாமுங்களா?"

யுவராஜ் மூக்கை உறிஞ்சினான். சீட்டைப் பார்த்தான், அவள் கையெழுத்தைப் பார்த்தான். "எறக்குங்க," என்றான். அவனுக்கே கேட்டிருக்காது. "எல்லாத்தையும் எறக்குங்கய்யா." பிறகு கண்ணை அவள் பக்கம் கொண்டுவராமலே கேட்டான், "எத்தனை பேரு இருந்தா நாளைக்குள்ள வட்டு ஒட்டலாங்க்கா?"

காதும் கழுத்தும் தீயாக எரிந்தது. நாளைக்கு இந்த ஏழெட்டுப் பேரும் எழுபது பேரிடம் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும் என்று இப்போது தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. சீட்டை இழுத்து, பாஸ் என்று இருந்ததைக் குறுக்கே அடித்தாள், கோடு அவள் பெயரின் மேலும் போயிற்று. மாரப்பன் மூலையில் கிடந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மழை ரூமுக்குள் போய், குழாய்களுக்கு நேர் கீழே போட்டு, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தான். டம்ளர் வைத்திருந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பத்துப் பேரு வேணுமுங்க தம்பி," என்றாள் திலகமணி. பிறகு அந்தப் பெண்ணிடம், "தண்ணி இருக்குதா?"

அந்தப் பெண் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள் செக்கிங் நாற்காலியில் உட்கார்ந்து, அதைக் காலியாகிற வரைக்கும் குடித்தாள்.